அழித்த பிறகும் மிஞ்சிய திங்கட்கிழமை

சூப்பர்மேன் வாழ்கிற கதையுலகத்தில் மே மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை ஒரு பண்டிகை நாள். மிராக்கிள் மண்டே என்பது அதன் பெயர். பல நூற்றாண்டுகள் கழித்து, மனிதர்கள் வேறு கோள்களில் குடியேறிவிட்ட காலத்திலும் அந்த நாளைத் தவறாமல் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அவதரித்த மகான் யார், அன்றைக்கு மாண்ட அசுரன் யார் என்று கேட்டால், கொண்டாடுகிறவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. தீபாவளிக்கு நரகாசுரனாவது இருக்கிறான். இந்தத் திங்கட்கிழமைக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதுதான் இதன் விசேஷம்.

இந்தப் பண்டிகையை உருவாக்கியவர் எலியட் எஸ். மாகின். 1970களிலும் 1980களின் முதற்பாதியிலும் சூப்பர்மேன் காமிக்ஸ்களுக்கு நிறையக் கதை எழுதியவர். காமிக்ஸாக இல்லாமல் அவர் உரைநடையாகவே எழுதிய சூப்பர்மேன் நாவல் ஒன்று 1981 மே மாதம் வெளிவந்தது. பண்டிகையின் பெயரே அந்நாவலின் பெயர். அடுத்த மாதமே அமெரிக்கத் திரையரங்குகளில் சூப்பர்மேனின் இரண்டாவது படம் வெளியாகவிருந்ததால், படத்தின் கதைதான் இது என்று நம்பி வாங்கியவர்கள் பலர் இருந்திருக்கக்கூடும். படத்துக்கும் நாவலுக்கும் கதையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கு அது பெங்களூரு சர்ச் தெருவில், பழைய புத்தகங்கள் மேசைக்கடியில் அடுக்கப்பட்டிருந்த ஒரு கடையில் கிடைத்தது. முதுகுப் பகுதியின் பசை முழுவதும் காய்ந்துபோய், பிரித்தவுடன் நடுவிலிருந்து ஒரு கொத்துப் பக்கங்கள் தனியாகக் கையோடு வந்துவிட்டன. முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலில் ஒரு விலையை அடித்து, அதற்குக் கீழே அதைவிடக் குறைந்த விலை ஒன்றை எழுதியிருந்தார்கள்.

கதை இப்படிப் போகிறது. 29ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டின் வெல்ஸ் என்றொரு வரலாற்று மாணவி. இந்தப் பண்டிகை எப்படித் தொடங்கியது என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகக் காலத்தைக் கடந்து, சூப்பர்மேன் இருக்கும் மெட்ரோபொலிஸ் நகரத்துக்கு வருகிறாள். அதே சமயத்தில் நரகத்தின் தலைவன் அனுப்பிய சி. டபிள்யூ. சாட்டர்ன் என்னும் தீய சக்தியும் அங்கே வந்து சேர்கிறது. உலகத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டுச் சூப்பர்மேனின் மனவுறுதியை உடைப்பது அதன் வேலை. பத்திரிகையாளர் கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்ற இரகசியமும் ஊரறிய அம்பலமாகிறது. கடைசியில் அந்தச் சக்தி குடியேறியிருப்பது கிறிஸ்டினின் உடம்புக்குள்தான் என்று தெரியவரும்போது கதையின் முடிச்சு இறுகுகிறது. அவளைக் கொன்றால் அட்டூழியம் நின்றுவிடும். கொல்லாவிட்டால் நிற்கவே நிற்காது. சூப்பர்மேன் கொல்ல மறுக்கிறான். அது எவ்வளவு சேதம் செய்தாலும், எவ்வளவு காலம் செய்தாலும், தான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருப்பதாகச் சொல்லிவிடுகிறான். அந்த மறுப்பே தீய சக்தியின் தோல்வியாகிறது. தோற்றவன் வென்றவனுக்கு ஒரு வரம் தர வேண்டும் என்பது விதி. நடந்த கெடுதல் அனைத்தும் நடக்காதவையாக ஆகிவிட வேண்டும் என்று அவன் வரம் கேட்கிறான்.

அப்படியே ஆகிறது. அன்று திங்கட்கிழமை. இடிந்தவை இடியாதவையாகின்றன, தெரிந்த இரகசியம் மறுபடியும் தெரியாததாகிறது, துன்பப்பட்டவர்களுக்குத் துன்பத்தின் நினைவே இல்லை. ஆயினும் எல்லோருக்கும் மனம் இலேசாக இருக்கிறது. பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த சுகம் மட்டும் உடம்பில் தங்கியிருக்க, இறக்கி வைத்தது எது என்பது மறந்துபோனவர்களாக அவர்கள் தெருவுக்கு வருகிறார்கள். அந்தச் சுகந்தான் ஆண்டுக்கொரு முறை திரும்ப வந்து பண்டிகையாக நிலைத்துவிடுகிறது. காரணத்தைத் தேடி வந்த மாணவியோ அந்தக் காரணத்தின் நட்டநடுவில் அகப்பட்டுக்கொண்டவளாக இருக்கிறாள். மாகினுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்திருக்க வேண்டும்; 1983இல் வந்த ஒரு காமிக்ஸ் ஆண்டுமலரில், சூப்பர்வுமன் என்னும் வீராங்கனை உண்மையில் யார் என்று கண்டறிவதற்காக அதே கிறிஸ்டினை மீண்டும் நம் காலத்துக்கு அனுப்பி, அந்தச் சூப்பர்வுமன் அவளேதான் என்று முடித்தார்.

இக்கதையின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது காமிக்ஸ் தொழிலின் ஒரு பழைய பழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தபோதுதான். மாதந்தோறும் வருகிற காமிக்ஸில் எவ்வளவு பெரிய பிரளயம் வந்தாலும், கடைசிப் பக்கத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். அடுத்த மாதம் வாங்கப் போகிறவருக்கு அதே கிளார்க், அவனோடு வேலை பார்க்கும் அதே லோயிஸ், அதே அலுவலகம் வேண்டும். 1950களிலும் 1960களிலும் மோர்ட் வைசிங்கர் சூப்பர்மேன் இதழ்களின் ஆசிரியராக இருந்த காலத்தில் இது ஒரு கலையாகவே வளர்ந்தது. இரகசியம் வெளியாகும், மறதி வரும், இரகசியம் காப்பாற்றப்படும். திருமணம், மரணம் போன்ற மாற்ற முடியாதவற்றை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால், அதன்மேல் கற்பனைக் கதை என்று தனியாக முத்திரை குத்திவிடுவார்கள். மனிதன் பறக்கிற உலகத்தில் இது மட்டும் கற்பனை என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு அறிவிப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். வாசகருக்கு ஒவ்வொரு முறையும் சிறிய ஏமாற்றம் இருக்கும்: இவ்வளவு நேரம் பதறியது எதற்காக? மாகின் அந்த ஏமாற்றத்தையே எடுத்துக்கொண்டு, அழித்துவிட்ட கதை மனிதர்களிடம் எதை விட்டுச் செல்லும் என்று கேட்டார். நினைவு போய்விடும், நிம்மதி தங்கிவிடும் என்று பதிலும் சொன்னார். மற்றவர்கள் தொழில் நிர்ப்பந்தமாகச் செய்த ஒன்றை அவர் திருவிழாவாக மாற்றினார். சூப்பர்மேன் எழுத்தாளர்களிலேயே அவரை நான் முன்வரிசையில் வைப்பது இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

நாள் குறித்த விதம் மட்டும் நம்மவர்களுக்கு முதலில் உறுத்தும். நட்சத்திரம் இல்லை, திதி இல்லை, மாதப் பிறப்பு இல்லை. மூன்றாவது திங்கட்கிழமை என்றால் அது என்ன பண்டிகை? இதற்கான விடை அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அரசு விடுமுறைகள் சிலவற்றைத் திங்கட்கிழமைகளுக்கு மாற்றி, சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் ஓய்வு கிடைக்கும்படி 1968இல் அங்கே ஒரு சட்டம் இயற்றினார்கள். அது 1971 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள் விடுமுறை பிப்ரவரியின் மூன்றாவது திங்கட்கிழமைக்குப் போனது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்குப் போனது. நாவல் வெளிவந்தபோது அந்த ஏற்பாட்டுக்கு வயது 10. ஆகவே மாகின் தம் பண்டிகையை அரசாங்கக் கணக்கிலேயே போட்டுவைத்தார். மூன்றாவது திங்கட்கிழமை 15ஆம் தேதிக்கும் 21ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும் என்பதால், போர் நினைவு நாளுக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்னதாக அது வந்துவிடும். செத்தவர்களை நினைக்கிற நாளுக்கு முன்பாக, யாரும் சாகாமல் போன ஒரு நாள்.

இதே கதையுலகத்தின் மற்ற நாட்களைப் பார்த்தால் இது எவ்வளவு சாதுவானது என்பது விளங்கும். சூப்பர்மேனின் பிறந்தநாள் பிப்ரவரி 29 என்று சூப்பர்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனத்தின் 1976ஆம் ஆண்டு நாட்காட்டியிலேயே அச்சிட்டுவிட்டார்கள். மூப்பே அடையாதவனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிறந்தநாள் வந்தால் போதும் என்ற கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பேட்மேனின் கோத்தம் நகரத்திலோ பண்டிகை என்றாலே கதவைத் தாழிட வேண்டும். தேதிகளையும் விழாக்களையும் வைத்தே குற்றம் செய்கிற காலண்டர் மேன் என்றொரு வில்லன் அங்கே 1958 முதல் உலவுகிறான்.

காரணம் மறந்த பிறகும் கொண்டாட்டம் நிலைத்து நிற்பது கதையில் மட்டும் நடப்பதன்று. நாங்கள் குடியிருப்பது பெங்களூருவின் அல்சூரில். ஆடிப் பதினெட்டு அன்று என் அம்மா எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று நான்கு வகைச் சாதம் கிளறி, சமையலறைக் குழாயடியில் ஒரு குடம் தண்ணீரை நிரப்பி, அதற்கு மஞ்சளும் பூவும் வைத்துக் கும்பிடுவாள். ஆற்றில் புதுவெள்ளம் வருவதையும், ஆடிப்பட்டம் தேடி விதைப்பதையும் ஒட்டி எழுந்த விழா அது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறும் இல்லை, விதைப்பதற்கு ஒரு சாண் நிலமும் இல்லை. ஆனால் குழாயில் வருவது காவிரிதான். 1974 முதல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எக்கி ஏற்றி இந்த ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். அதைச் சொன்னால் அம்மாவுக்குச் சந்தோஷந்தான். சொல்லாவிட்டாலும் அவள் குடத்தை நிரப்பியிருப்பாள். கிறிஸ்டின் வெல்ஸைப் போல ஒருத்தி 29ஆம் நூற்றாண்டிலிருந்து வந்து எங்கள் சமையலறையைப் பார்த்தால், குழாயை எதற்காகக் கும்பிடுகிறார்கள் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடுவாள்.

மாகினின் பண்டிகைக்குச் சடங்கு என்று ஒன்று சேர்ந்தது 1984இல். சூப்பர்மேன் இதழின் 400ஆவது மலரில், மிகத் தொலைவான எதிர்காலத்தில் ஒரு குடும்பம் மிராக்கிள் மண்டே விருந்துக்கு உட்கார்கிறது. மேசையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அதற்கும் தட்டு வைத்திருக்கிறார்கள். அது சூப்பர்மேனுக்காக. என்றைக்காவது வருவான் என்று எதிர்பார்த்து வைக்கிறார்களா, வழக்கம் என்பதற்காக வைக்கிறார்களா என்பது அவர்களுக்கே தெளிவில்லை. அந்த ஆண்டு அவன் உண்மையாகவே வந்துவிடுகிறான். யூதர்கள் பாஸ்கா இரவு விருந்தில் எலியா தீர்க்கதரிசிக்காக ஒரு கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றி வைத்துக் கதவையும் திறந்து வைப்பார்கள். சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லாந்து நகரில் சந்தித்துக்கொண்ட யூதக் குடும்பத்துப் பையன்கள் என்பதால், இந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதிகம் தேட வேண்டியதில்லை.

சென்ற கோடை விடுமுறைக்கு வேலூரிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். உடனே அவன் நாட்காட்டியிடம் போனான். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்கும். கன்னடத்தில் ஒன்று, சிவகாசியில் அச்சடித்த தமிழ்த் தினசரி ஒன்று. தமிழ்த் தாளில் திங்கட்கிழமைக்குரிய இராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று போட்டிருந்ததற்குக் கீழே, நல்ல நேரக் கட்டத்தையும் தாண்டி வழிகிற எழுத்தில், மிராக்கிள் மண்டே என்று பந்துமுனைப் பேனாவால் எழுதிவிட்டான். காரியம் பொருத்தமானதுதான். 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்ததும் அதே சிவகாசியில்தான். இரும்புக்கை மாயாவி என்னும் காமிக்ஸ் நாயகனையும் ராகு காலத்தையும் தமிழ் வீடுகளுக்கு அனுப்பிய ஊர் ஒன்றே. இப்படியொரு பண்டிகையைத் தினசரித் தாளில் அச்சடிக்கத் தகுதியுள்ள ஊர் உலகத்தில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரவு, சாப்பாட்டு மேசையில் கூடுதலாக ஓர் இலை போடலாமா என்று அவன் கேட்டான். அம்மா கூடாது என்றாள்.

“இலை போட்டு ஆள் இல்லாமல் வைத்தால் அது படையல், கண்ணா. இருக்கிறவர்களுக்கு அப்படி வைக்கக்கூடாது. தட்டு வை.”

நான் இத்தனை ஆண்டுகளாக யோசிக்காத நுட்பம் அது. அமாவாசைக்கு முன்னோருக்குப் போடுகிற இலை, போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று தெரிந்து போடுவது. சூப்பர்மேனுக்கு வைப்பது விருந்தாளியின் தட்டு. அவன் தாமதமாக வந்தாலும் குற்றமில்லை. எனவே எவர்சில்வர் தட்டு ஒன்று வந்தது. அதில் தக்காளி சாதமும், இரண்டு அப்பளமும், நறுக்கிய பாதாமி மாம்பழமும் வைத்தோம்.

“அத்தை, அவருக்குக் காரம் ஒத்துக்குமா?”

“குண்டு பட்டாலே ஒன்றும் ஆகாதவருக்கு மிளகாய் என்ன செய்யும்?”

அம்மாவுக்கு இந்த வாதம் திருப்தி தரவில்லை. அந்தத் தம்பி எந்த ஊர்ப் பிள்ளையோ, பழக்கமிருக்காது என்று சொல்லி, ஒரு கரண்டித் தயிரை ஓரமாக விட்டாள். பத்து மணிவரை காத்திருந்துவிட்டு, அப்பளம் நமுத்துப்போகிறதே என்ற கவலையில், விருந்தாளியின் பங்கை அண்ணன் மகனே சாப்பிட்டு முடித்தான்.

இந்தப் பண்டிகைக்குப் பிற்பாடு நேர்ந்ததைச் சொல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கும். பல உலகங்கள், பல காலங்கள் என்று சிக்கலாகிவிட்ட தங்கள் கதைவரலாற்றை ஒழுங்குபடுத்த விரும்பிய டிசி நிறுவனம், 1985, 1986 ஆண்டுகளில் 12 இதழ்கள் வந்த ஒரு பெருந்தொடரின் மூலம் பழையதைத் துடைத்தெறிந்தது. அதன் பிறகு 1986இல் ஜான் பைர்ன் ஆறு இதழ்களில் சூப்பர்மேனின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து புதிதாக எழுதினார். புதிய வரலாற்றில் கிறிஸ்டின் வெல்ஸின் பழைய பயணங்களுக்கு இடமில்லை. 400ஆவது மலரின் விருந்து மேசைக்கும் இடமில்லை. அதாவது, எல்லாம் நடக்காதவையாக ஆகிவிட வேண்டும் என்று நாவலின் முடிவில் சூப்பர்மேன் கேட்ட வரம், சில ஆண்டுகளுக்குள் அந்த நாவலின் பண்டிகைக்கே பலித்துவிட்டது.

ஆனால் வாசகர்கள் விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை வந்தால், உலகத்தின் ஏதேதோ மூலைகளிலிருந்து சூப்பர்மேன் இரசிகர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் நாவலைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. படிக்காமலே வாழ்த்துகிறவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது, ஏனென்றால் கதைக்குள் கொண்டாடுகிற மக்களைப் போலவே அவர்களும் கொண்டாடுகிறார்கள். இதைத் திட்டமிட்டு எந்த எழுத்தாளராலும் செய்திருக்க முடியாது. இதற்கு எதிரான உதாரணமும் அமெரிக்காவிலேயே இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் மெட்ரோபொலிஸ் என்றே பெயர் கொண்ட ஒரு சிற்றூரைச் சூப்பர்மேனின் சொந்த ஊராக 1972இல் முறைப்படி அறிவித்தார்கள். அங்கே ஆண்டுதோறும் ஜூனில் விழா நடக்கிறது, 15 அடி வெண்கலச் சிலையும் நிற்கிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு போக நல்ல இடமாக இருக்கும். ஆனால் அங்கே எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பது வந்த அத்தனை பேருக்கும் தெரியும்; சிலையே சொல்லிவிடும்.

அடுத்த மே மாதத்துக்கு எனக்கொரு திட்டம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பொது விடுமுறைகளைத் தவிர, ஒரு பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் விருப்ப விடுமுறைகளும் உண்டு. ஓணம் இருக்கிறது, குரு நானக் ஜெயந்தி இருக்கிறது, புத்த பூர்ணிமை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன விழா என்று ஒரு வரி விளக்கமும் இருக்கிறது. மே மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமையையும் பட்டியலில் சேர்க்கலாமே என்று மனிதவளப் பிரிவில் இருக்கும் தோழியிடம் கேட்டேன். சேர்க்கலாம், ஆனால் விளக்கத்தில் என்னவென்று எழுதுவது என்று அவள் கேட்டாள். யாருக்கும் நினைவில்லை என்று எழுதும்படி சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அதைவிடச் சாதாரண விடுப்புக்கு விண்ணப்பித்துவிடு அக்கா, காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்றாள். அப்படியே போடப் போகிறேன். அண்ணன் மகன் இந்த முறை அப்பளத்தைக் கடைசியில் பொரிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.